வாசகர் கேள்வி-பதில்: யூல் விருந்துக்குப் போகலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறேன். ஊர் திருநெல்வேலிப் பக்கம், சி.எஸ்.ஐ. குடும்பம். ஒரே வார்டில் என்னோடு வேலை பார்க்கும் மூத்த நர்ஸ் தன்னை ‘பேகன்’ என்று சொல்லிக்கொள்பவர், தங்கமான மனுஷி. டிசம்பர் 21 ராத்திரி அவர் வீட்டில் யூல் விருந்து, என்னையும் கூப்பிட்டிருக்கிறார். போனில் சொன்னதும் அம்மா, “பேய்க்குப் படைச்சதைத் திங்கப் போறியா?” என்று அழுகிறார். போகலாமா?
– வாசகி, பர்மிங்ஹாம்

பதில்: போங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் அம்மாவின் பயத்தைத் தள்ளிவிட்டுப் போக வேண்டாம், அதற்கும் வேதத்தில் இடம் இருக்கிறது.

முதலில் அந்த அக்கா யார் என்று பார்ப்போம். ஐரோப்பாவின் பழைய தெய்வங்களையும் பருவகாலங்களையும் கும்பிடும் வழிபாட்டை இருபதாம் நூற்றாண்டில் மறுபடி கட்டி எழுப்பியவர்களின் வழியில் வருகிறவர். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து சுமார் 74,000 பேர் தங்கள் மதம் பேகன் என்று எழுதினார்கள். யூல் என்பது வருஷத்திலேயே நீண்ட இரவு, அன்றிலிருந்து வெயில் திரும்பி வரத் தொடங்கும், அதற்கான கொண்டாட்டம். பச்சை இலைக் கொத்துகள், மெழுகுவர்த்தி, நெருப்பு, அப்புறம் நிறையச் சாப்பாடு. சாத்தானுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, சாத்தான் என்று ஒருவன் இருப்பதாகவே அவர்களில் பெரும்பாலானவர்கள் நம்புவதில்லை.

உங்கள் கேள்வி புதிதும் அல்ல. கி.பி. 55 வாக்கில் கிரேக்க நகரமான கொரிந்தின் சபையார் அப்போஸ்தலர் பவுலிடம் கேட்டது ஏறக்குறைய இதுதான். அந்த ஊரில் கோயிலை ஒட்டியே சாப்பாட்டு அறைகள் இருந்தன, தோண்டி எடுத்திருக்கிறார்கள், இன்றும் பார்க்கலாம். எகிப்தில் கிடைத்த பழைய பாப்பிரஸ் சீட்டுகளில் ‘செராபிஸ் சாமியின் பந்திக்கு வாருங்கள்’ என்று ஒருவர் இன்னொருவரை அழைக்கிற அழைப்பிதழே இருக்கிறது. பிறந்தநாள், கல்யாணம், நண்பர்கள் கூடுவது எல்லாம் அப்படிப்பட்ட இடங்களில் நடந்தன, சந்தைக்கு வரும் இறைச்சியிலும் ஒரு பங்கு பலியிட்ட விலங்கின் இறைச்சியாக இருக்கும், ஆக எங்கேயும் போகமாட்டேன் என்றால் ஊரையே விட்டு ஒதுங்கத்தான் வேண்டும். பவுல் அப்படி ஒதுங்கச் சொல்லவில்லை. அம்மா சொன்னது 1 கொரிந்தியர் 10ஆம் அதிகாரம் 20ஆம் வசனத்தில் இருக்கிறது, உண்மைதான். அதே அதிகாரத்தில் ஏழு வசனம் தள்ளி, விசுவாசம் இல்லாதவர் விருந்துக்குக் கூப்பிட்டு உங்களுக்கும் போக மனமிருந்தால், வைத்ததை எதுவும் விசாரிக்காமல் சாப்பிடுங்கள் என்கிறார். இது படைத்தது என்று யாராவது சொன்னால் மட்டும், சொன்னவர் மனசுக்காகச் சாப்பிட வேண்டாம் என்கிறார். இரண்டு வசனத்தையும் சேர்த்தே அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

என் புரிதலில், சாமி முன்னால் நடக்கும் சடங்கில் பங்கெடுப்பது ஒன்று, நண்பர் வீட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது வேறொன்று. அதனால் முன்கூட்டியே அக்காவிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்: சாப்பாட்டுக்கு முன் சடங்கு உண்டா, தெய்வங்களின் பேரில் கோப்பை உயர்த்துவீர்களா என்று. உண்டென்றால், அந்த நேரம் மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள், பிறர் வற்புறுத்தலால் மனம் நொந்தவர்கள் அவர்களிலேயே நிறையப் பேர் என்பதால் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார். சாப்பிடும் முன் வழக்கம்போல உங்கள் ஜெபத்தை மனசுக்குள் செய்துகொள்ளுங்கள். போகும்போது ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோங்கள். திரும்ப 25ஆம் தேதி அவரை உங்கள் வீட்டுப் பிரியாணிக்குக் கூப்பிடுங்கள், ஆனால் சாப்பாட்டை வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்யாதீர்கள், அது விருந்துக்கு வந்தவரை அவமதிப்பது.

கேள்வி: கிறிஸ்தவம் பரவிய இடங்களிலெல்லாம் பழைய மதங்களை அழித்ததுதானே வரலாறு? சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதற்கு எங்கே ஆதாரம்?
– வாசகர், மதுரை

பதில்: அழித்ததும் உண்மை, அதை மறைக்கக் கூடாது. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிராங்க் அரசர் சார்லமேன், தான் வென்ற ஜெர்மானிய சாக்சன் மக்கள்மீது போட்ட சட்டத்தில், கிறிஸ்தவத்தை அவமதித்துத் தவக்காலத்தில் இறைச்சி சாப்பிட்டாலே மரண தண்டனை. சாப்பாட்டைக் கத்தியாக்கிய சட்டம் அது.

ஆனால் நார்வேயின் ஹாக்கோன் அரசனையும் தெரிந்துகொள்ளுங்கள். பத்தாம் நூற்றாண்டு. இங்கிலாந்து அரசர் ஏதல்ஸ்தானிடம் வளர்ந்து கிறிஸ்தவனாகி ஊர் திரும்பியவன், நாடோ பழைய தெய்வங்களைக் கும்பிடும் நாடு. யூல் பண்டிகையைக் கிறிஸ்துமஸ் நாளுக்கே மாற்றி, எல்லாரும் பீர் காய்ச்சி ஒரே சமயத்தில் விடுமுறை கொண்டாடட்டும் என்று சட்டம் போட்டான். அதுவரை சரி. ஹ்லாதிர் என்ற இடத்தில் பலி விருந்து நடந்தபோது விவசாயிகள் பிடித்துக்கொண்டார்கள், அரசன் எங்களோடு பந்தியில் உட்கார வேண்டும் என்று. அவன் கோப்பைமேல் சிலுவை போட்டதைப் பார்த்து ஒருவர் கத்த, பக்கத்தில் இருந்த சிகுர்து பிரபு, அது தோர் தெய்வத்தின் சுத்தியல் அடையாளம் என்று சொல்லிச் சமாளித்தார். மறுநாள் இன்னும் நெருக்கடி. பலியிட்ட குதிரையின் இறைச்சி வேண்டாமா, குழம்பாவது குடி, குழம்பும் வேண்டாமா, கொழுப்பாவது தின்னு. கடைசியில் சிகுர்து ஒரு சமாதானம் சொன்னார்: குழம்பின் ஆவி படிந்த அண்டாப் பிடியின்மேல் வாயைத் திறந்தால் போதும். ஹாக்கோன் பிடியில் துணியைச் சுற்றிவிட்டு அதன்மேல் வாயைத் திறந்தான். இரண்டு தரப்புக்கும் திருப்தியில்லை என்று 1230 வாக்கில் இதை எழுதிய ஐஸ்லாந்து வரலாற்றாசிரியர் ஸ்னோரி சொல்கிறார். அந்தக் குளிர்காலத்து யூல் விருந்தில் அரசன் சில துண்டு குதிரை ஈரலைச் சாப்பிட்டே ஆகவேண்டியதாயிற்று.

எனக்கு இதில் இரண்டு பக்கத்தின் மீதும் இரக்கம் வருகிறது. அரசன் பந்தியில் கலந்துகொண்டால்தான் விளைச்சலும் அமைதியும் என்று அந்த விவசாயிகள் நம்பினார்கள், அவன் தட்டைத் தள்ளியபோது தங்கள் வயலையே தள்ளியதாக நினைத்தார்கள். அவனுக்கோ அது தன் ஞானஸ்நானத்தை விற்பது போல. ஆனாலும் அவன் போரில் காயப்பட்டு 961 வாக்கில் இறந்தபோது, பழைய முறைப்படி மண்மேடு எழுப்பிப் புதைத்து, ஓடின் தெய்வத்தின் மண்டபத்தில் அவனுக்கு வரவேற்பு கிடைத்ததாக ஒரு கவிஞர் பாட்டுக் கட்டினார். அவ்வளவு நேசித்திருக்கிறார்கள்.

ஐஸ்லாந்து 1000ஆம் ஆண்டு வாக்கில் வேறு மாதிரி செய்தது. நாடு இரண்டாகப் பிளந்து சண்டை வரும் நிலையில், பழைய மதத்தைச் சேர்ந்த தோர்கெய்ர் என்ற சட்டம் சொல்பவரிடமே தீர்ப்பை விட்டார்கள். அவர் ஒரு பகலும் ஒரு இரவும் போர்வைக்குள் படுத்து யோசித்துவிட்டு, எல்லாரும் ஞானஸ்நானம் எடுக்கட்டும் என்றார், குதிரை இறைச்சி சாப்பிடுவதையும் மறைவாகப் பலியிடுவதையும் தடுக்கவில்லை. பிறந்த குழந்தையைக் காட்டில் விடும் கொடிய வழக்கத்தையும் அப்போது விட்டுவைத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். சில வருஷங்களில் இந்தச் சலுகைகள் எல்லாம் போயின, ஆனால் உள்நாட்டுப் போர் இல்லாமல் ஒரு நாடு மதம் மாறியது. 1970களில் பழைய வழிபாடு அங்கே ஒரு சங்கமாகத் திரும்ப வந்து அரசு அங்கீகாரமும் பெற்றுவிட்டது.

கேள்வி: கிறிஸ்துமஸே பேகன்களிடமிருந்து திருடியது என்று வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு டிசம்பரிலும் வருகிறதே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. டிசம்பர் 25 ரோமில் கிறிஸ்து பிறப்பு நாளாகக் குறிக்கப்பட்டிருப்பது 354ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றில், அதே தொகுப்பில் அன்று சூரிய தெய்வத்தின் பிறந்தநாள் என்றும் இருக்கிறது, யாரைப் பார்த்து யார் செய்தார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் சண்டை. அதற்கும் முன்னால், 200ஆம் ஆண்டு வாக்கிலேயே, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் தன் கிறிஸ்தவர்களைத் திட்டுகிறார்: ரோமர்களின் டிசம்பர் பண்டிகையான சாட்டர்னேலியாவுக்கும் புத்தாண்டுக்கும் பரிசு கொண்டு ஓடுகிறீர்களே என்று. அவர் திட்டியதால்தான் அக்கம்பக்கத்தார் பண்டிகையில் சாதாரணக் கிறிஸ்தவர்கள் கலந்துகொண்டது நமக்குத் தெரிகிறது.

கேள்வி: கனடாவில் இருக்கும் என் மகள் பேகன் வழிபாட்டில் இருக்கும் பையனைக் கட்டியிருக்கிறாள். நாங்கள் கத்தோலிக்கர். பேத்திக்கு எந்தப் பண்டிகை?
– வாசகி, திருச்சி

பதில்: புனித அகுஸ்தீன் வளர்ந்ததே அப்படிப்பட்ட வீட்டில்தான் அம்மா. தாய் மோனிக்கா கிறிஸ்தவர், தகப்பன் பத்ரீசியுஸ் வாழ்நாளில் பெரும்பகுதி பழைய மதத்தில் இருந்தவர், முன்கோபி. ஆனாலும் மனைவியின் பக்தியைத் தடுக்கவில்லை என்று மகனே எழுதிவைத்திருக்கிறார்.

பேத்திக்கு இரண்டையும் காட்டட்டும், ஒன்று அம்மா வழி, மற்றது அப்பா வழி என்று தெளிவாகச் சொல்லி. தேதிகளும் மோதவில்லை. அக்டோபர் 31இல் அவர்கள் சௌவின் (Samhain) எனும் நாளில் இறந்தவர்களை நினைத்து, சிலர் மேசையில் அவர்களுக்கென ஒரு தட்டும் வைப்பார்கள். நவம்பர் 2 நமக்குக் கல்லறைத் திருநாள். இந்த வருஷம் நீங்கள் கனடாவில் இருந்தால் மருமகனையும் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், மெழுகுவர்த்தி ஏற்றுவதை அவர் சந்தோஷமாகவே செய்வார் என்று நினைக்கிறேன். ஞானஸ்நானம் கொடுப்பது பற்றி மட்டும் மகளும் மருமகனும் முடிவெடுக்கட்டும், நீங்கள் ரகசியமாக எதுவும் செய்துவிடாதீர்கள்.