சிறு விவசாயிகளுக்கு நியாயமான வட்டியில் கடன் கிடைக்க உதவும் கைப்பேசிச் செயலியை எப்படி வடிவமைப்பது?

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு: எந்த நிதி நிறுவனத்தோடு செயலியை இணைப்பது, விவசாயியின் கடன் தகுதியை எப்படிக் கணக்கிடுவது. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நான்கு பேர் இதே இரண்டு கேள்விகளோடு மன்னார்குடிப் பக்கம், விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தோம். அந்த இரண்டையும் பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்று புரிவதற்கே எங்களுக்கு ஒரு குறுவைப் பருவம் பிடித்தது. காவிரிப் படுகையின் நெல் விவசாயத்தை வைத்தே நான் பேசுகிறேன் என்பதை மனத்தில் கொண்டு படியுங்கள். மானாவாரி நிலத்துக்கோ தோட்டப் பயிருக்கோ இதில் சில பகுதிகள் பொருந்தாமல் போகலாம்.

நியாயமான கடன் நம் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. 1998-இல் தொடங்கிய கிசான் கடன் அட்டைத் திட்டத்தில் பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். உரிய நாளில் திருப்பிக் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடியாகி 4 சதவீதமே மிஞ்சும். தமிழ்நாட்டின் 4,000-க்கும் மேற்பட்ட தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. அதை மாநில அரசு ஏற்றுக்கொள்கிறது. அடமானம் இல்லாமல் கொடுக்க வேண்டிய விவசாயக் கடனின் வரம்பை ரிசர்வ் வங்கி 1.6 லட்சத்திலிருந்து 2 லட்சமாக உயர்த்தி, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இவ்வளவு இருந்தும் மூன்று வட்டிக்கு, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு, வாங்குகிறவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்பதுதான் உங்கள் செயலி விடை காண வேண்டிய கேள்வி.

முதல் காரணம் காலம். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால், சில நாள்களில் தண்ணீர் கல்லணையைத் தாண்டிவிடும். அதற்குள் உழவு முடிந்து நாற்றங்கால் தயாராக இருக்க வேண்டும். அடியுரம் வாங்கியிருக்க வேண்டும். சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (சாகுபடிப் பதிவு), ஆதார், வங்கிப் புத்தகம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, கிராம நிர்வாக அலுவலர் ஊரில் இருக்கும் நாளாகப் பார்த்துப் போய், சங்கத்தில் மனு கொடுத்துப் பணம் கைக்கு வர ஜூலை கடைசியாகிவிட்டால் அந்தப் பணத்துக்கு வட்டி இல்லாவிட்டாலும் பயனில்லை. வீட்டிலிருக்கும் தோட்டையும் மூக்குத்தியையும் எடுத்துக்கொண்டு போனால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. ஆகவே உங்கள் செயலிக்குப் போட்டி இன்னொரு செயலி அன்று, கடைத்தெருவில் இருக்கும் அடகுக் கடைதான்.

இதை உணர்ந்த பிறகு நாங்கள் செயலியின் வேலையையே மாற்றினோம். கடன் வாங்கும் நாளில் திறக்க வேண்டிய செயலியாக இருந்ததை ஏப்ரலிலேயே பேசத் தொடங்கும் செயலியாக ஆக்கினோம். எந்தத் தாள் கையில் இருக்கிறது, எது இல்லை, இல்லாததை எங்கே வாங்குவது என்ற மூன்றை மட்டும் அது குரலில் கேட்டும் சொல்லியும் வந்தது. இங்கேதான் உண்மையான சிக்கல்கள் வெளியே வந்தன. பட்டா இறந்துபோன தாத்தாவின் பெயரில் இருக்கிறது. அல்லது அண்ணன் தம்பி நால்வர் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருந்து, அவர்களில் ஒருவர் திருப்பூரில் இருக்கிறார். அல்லது ஆதாரில் ஒரு விதமாகவும் சிட்டாவில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. இவற்றை ஜூனில் கண்டுபிடித்தால் அந்தப் போகம் போயிற்று. ஏப்ரலில் கண்டுபிடித்தால் வாரிசுச் சான்றுக்கோ பெயர்த் திருத்தத்துக்கோ மனு கொடுக்கவாவது நேரம் இருக்கிறது.

எங்கள் பெரிய பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் பதிப்பில் நிலப் பரப்பை ஹெக்டேரில் கேட்டிருந்தோம், ஏனென்றால் பட்டாவில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் டெல்டாவில் நிலத்தை மாவில்தான் சொல்வார்கள். ஒரு மா என்பது 100 குழி, கிட்டத்தட்ட 33 சென்ட். மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர், பட்டாவில் அது ஏறக்குறைய 0.40.50 (0 ஹெக்டேர், 40.50 ஏர்) என்று இருக்கும். பெரியவர் ஒருவர் தன் நிலத்துக்கு ‘3’ என்று அழுத்தினார். செயலி அதை மூன்று ஹெக்டேராக எடுத்துக்கொண்டது. இரண்டு ஹெக்டேருக்கு மேற்பட்டவர் சிறு விவசாயி ஆக மாட்டார் என்பதால், ஓர் ஏக்கர்க்காரரிடம் ‘உங்களுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது’ என்று அது சொல்லிவிட்டது. அவரும் மறுபேச்சுப் பேசாமல் கைப்பேசியைப் பேரனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எங்களுக்கு இது தெரிய வந்ததே பத்து நாள் கழித்துத்தான்.

வட்டிக்கும் இதே கதைதான். ரிசர்வ் வங்கியின் இணையவழிக் கடன் நெறிமுறைகளின்படி, கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தைக் கடன் வாங்குகிறவருக்கு முன்கூட்டியே எழுத்தில் காட்ட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் ‘ஆண்டுக்கு 26.4 சதவீதம்’ என்பது எங்கள் பயனர்களில் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் கணக்கு நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்பது. ஒரு வட்டி, இரண்டு வட்டி, மூன்று வட்டி. எனவே எல்லாக் கடனையும் அந்த மொழிக்கு மாற்றி, கூடவே ரூபாயிலும் காட்டினோம். 50,000 ரூபாயை ஆறு மாதத்துக்கு மூன்று வட்டிக்கு வாங்கினால் வட்டி மட்டும் 9,000 ரூபாய். கிசான் கடன் அட்டையில் உரிய நாளில் கட்டினால் 1,000 ரூபாய். கூட்டுறவில் கெடுவுக்குள் கட்டினால் ஒன்றுமில்லை. இந்த மூன்று வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டியதுதான், நாங்கள் செய்ததிலேயே அதிகம் பேசப்பட்ட திரை.

தண்டலுக்கு இன்னும் கொஞ்சம் உழைக்க வேண்டியிருந்தது. பத்தாயிரம் தண்டல் என்றால் ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார்கள்; நாள் ஒன்றுக்கு 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். ‘மூன்று மாதத்துக்கு ஆயிரம்தானே, மூன்று வட்டிச் சொச்சம்’ என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். அசலும் நாள்தோறும் திரும்பிக்கொண்டே இருப்பதால் உண்மையில் அது மாதம் ஆறு வட்டிக்கு மேல் வருகிறது. இதை வாய்பாடாக விளக்கினால் யாரும் கேட்க மாட்டார்கள். ஐம்பதாவது நாளில் தண்டல்காரர் கொடுத்த பணத்தில் எவ்வளவு இன்னும் உங்களிடம் இருக்கிறது என்று ஒரு நெல் மூட்டைப் படத்தைப் பாதியாகக் குறைத்துக் காட்டியபோதுதான் புரிந்தது.

தவணையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் சோதனையில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தையும் சேர்த்திருந்தோம். வட்டி விகிதம் பார்வைக்கு மோசமில்லை. 30,000 ரூபாய் அனுமதித்தார்கள். பிராசஸிங் கட்டணம், காப்பீடு என்று பிடித்துக்கொண்டு மீதியைக் கணக்கில் போட்டார்கள். மறுமாதம் ஐந்தாம் தேதி முதல் தவணை. வாங்கியவர் எங்களிடம் வந்து, “ஏன் தம்பி, நாத்து விட்ட மாசமே நெல்லு வெளைஞ்சிடுமா?” என்று கேட்டார். “இல்லிங்கய்யா, தப்பு எங்க மேலதான்” என்பதைத் தவிர எங்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை. அவர் அந்தத் தவணையைக் கட்ட வேறிடத்தில் கைமாற்று வாங்கினார். மாதத் தவணை சம்பளக்காரனுக்கு ஏற்பட்டது. அறுவடை முடிந்து மொத்தமாகக் கட்டும் கடனைத் தவிர வேறு எதையும் நெல் விவசாயியிடம் உங்கள் செயலி பரிந்துரைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அறுவடையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் நெல் களத்திலேயே கிடக்கும், பணமும் தள்ளிப்போகும். இதற்கிடையில் கூட்டுறவுக் கடனின் கெடு வந்துவிட்டால் வட்டியில்லாச் சலுகை பறிபோகும். அதற்காக ஒரு வாரத்துக்கு வெளியில் அதிக வட்டிக்கு வாங்கிச் சங்கத்தில் கட்டிவிட்டு, மறுகடன் எடுத்து அதை அடைப்பது ஊரறிந்த வழக்கம். அந்த ஒரு வாரத்துச் செலவை எந்தச் செயலியும் கணக்கில் சேர்ப்பதில்லை. நீங்கள் சேருங்கள். குறுகிய காலப் பயிருக்கான கடன், கெடு தாண்டி இரண்டு பயிர்ப் பருவங்கள் நிலுவையில் இருந்தால்தான் வாராக்கடனாக வகைப்படுத்தப்படும் என்ற விதியையும் அந்தத் திரையிலேயே போடுங்கள். வசூலுக்கு வருகிறவர்கள் மிரட்டும்போது இந்த ஒரு வரி உதவும்.

குத்தகைக்காரர்களை விட்டுவிட்டு ‘நியாயமான’ என்ற சொல்லைப் பயன்படுத்த முடியாது. டெல்டாவில் கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் உழுகிறவர்கள் ஏராளம். வாய்மொழிக் குத்தகைக்காரர்களும், விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குச் செய்பவர்களும் கிசான் கடன் அட்டைக்குத் தகுதியுடையவர்கள் என்று திட்ட விதியே சொல்கிறது. ஆனால் வங்கியில் முதலில் கேட்பது பட்டாவைத்தான். குத்தகை ரசீது, சாகுபடி செய்பவர் பெயர் ஏறிய அடங்கல், 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டத்தின்கீழ் ஏதாவது பதிவு ஆகியவற்றில் எது கையில் இருந்தாலும் அதை வைத்து மனுவைத் தயாரிக்கவும், எதுவுமே இல்லாதவர்களை, ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பேற்கும் கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்க்கவும் தனி வழி வைத்தோம். பாதி வெற்றிதான் கிடைத்தது. நிலத்தின் சொந்தக்காரர் எழுத்தில் எதையும் கொடுக்க அஞ்சும் இடத்தில் மென்பொருளால் செய்யக்கூடியது அதிகம் இல்லை.

கைப்பேசி அனுமதிகளில் கஞ்சத்தனமாக இருங்கள். தொடர்பு எண்களையும் படங்களையும் அழைப்புப் பட்டியலையும் கடன் செயலிகள் தொடக் கூடாது என்று மேற்சொன்ன நெறிமுறைகளே தடுக்கின்றன. விதி இல்லாவிட்டாலும், ஒரு வீட்டுக்கு ஒரு கைப்பேசி இருந்து அதுவும் கல்லூரிக்குப் போகும் மகளிடம் இருக்கும்போது, அவளுடைய படங்களைக் கேட்கும் செயலியை எந்தத் தகப்பனும் வைத்திருக்க மாட்டார்.

இனி நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன். கடன் கொடுக்கும் நிறுவனத்திடம் தரகு வாங்கி நடத்தும் செயலியாக இதை வடிவமைக்காதீர்கள். அப்படிச் செய்தால், வட்டியில்லாக் கூட்டுறவுக் கடன் உங்களுக்கு ஒரு காசும் தராது, ஆனால் இரண்டு வட்டிக்குக் கொடுக்கும் கடன் தரகு தரும். நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஓராண்டுக்குள் திரையில் எது மேலே ஏறும் என்பதை நான் இப்போதே சொல்லிவிடுவேன். உற்பத்தியாளர் நிறுவனத்திடமோ சங்கத்திடமோ ஆண்டுக் கட்டணம் பெறுவது வருமானத்தில் சிறியது, ஆனால் அதில் இந்த இழுப்பு இல்லை. தகுதி மதிப்பெண்ணை நாங்கள் கணக்கிடவே இல்லை. அதற்குப் பதிலாக, மனு திரும்பி வந்தால் அதற்கான காரணத்தை அலுவலர் சொன்ன சொற்களிலேயே குரலில் பதிந்து வைத்தோம். அடுத்த முறை அதே சங்கத்துக்குப் போகிறவருக்கு, எந்தத் தாளை மறக்காமல் எடுத்துப் போக வேண்டும் என்று செயலி முன்னதாகவே சொல்ல அது போதுமானதாக இருந்தது.