துடைத்த பின் குறி தவறுவது ஏன்?

கேள்வி: என்னுடைய சுருள்வில் வகை ஏர் ரைஃபிளை வீட்டிலேயே எண்ணெயிட்டுச் சுத்தம் செய்தேன். அன்று முதல் 10 மீட்டர் தொலைவில் குண்டுகள் சிதறி விழுகின்றன. சுடும்போது லேசான புகையும் வருகிறது. என்ன கோளாறு?

பதில்: புகையே காரணத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டது. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது உண்டாகும் கடும் வெப்பத்தில், உள்ளே கசிந்த எண்ணெய் தீப்பற்றி எரிகிறது. அதனால் ஒவ்வொரு குண்டும் வெவ்வேறு வேகத்தில் வெளியேறி, குறி மேலும் கீழுமாக அலைகிறது. இது நீடித்தால், காற்று கசியாமல் அடைக்கும் பிஸ்டன் சீலும் கெடும். துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொண்டு, மடக்கித் திறக்கும் வகையாயின் குழல் விசையுடன் மூடிக்கொள்ளாதவாறு ஒரு கையால் இறுகப் பிடித்தபடி, பின்வாயிலிருந்து (குண்டு இடும் முனை) முன்வாய் (குண்டு வெளியேறும் முனை) நோக்கி உலர்ந்த துணித்துண்டுகளை, கடைசித் துண்டு எண்ணெய்ப் பிசுக்கின்றி வெளிவரும்வரை செலுத்துங்கள். துணியைச் செலுத்தும் கம்பி முன்வாயின் விளிம்பில் உரசினால் துல்லியம் கெட்டுவிடக்கூடும்.

துடைத்த குழலில் குண்டுகளின் ஈயம் மெல்லியதாகப் படியச் சிறிது நேரமாகும் என்பதால், முதல் 20, 30 குண்டுகளை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். அதன் பின்னும் சிதறினால், துப்பாக்கி மேல் குறிபார்க்கும் தொலைநோக்கி இருந்தால் அதன் பிடிப்புத் திருகுகளைச் சோதியுங்கள். இவ்வகைத் துப்பாக்கி முன்னும் பின்னுமாக உதறுவதால் அவை தளர்வது வழக்கம். புதிய தொலைநோக்கி வாங்கும் ஆசையை அதுவரை தள்ளிவையுங்கள்.