மகள் எப்போதும் ஃபேன்டஸி, சயின்ஸ் ஃபிக்‌ஷன் நாவல்களையே படிக்கிறாள். அவளோடு அதைப் பற்றி எப்படிப் பேசுவது?

எட்டாம் வகுப்பு படிக்கும் மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு வருடமாக மந்திரவாதி, டிராகன், எதிர்கால உலகம் என்று ஆங்கில நாவல்களாகவே படிக்கிறாள். "என்ன கதைம்மா?" என்றால் "உங்களுக்குப் புரியாதுப்பா" என்று சொல்லிவிடுகிறாள். தடுப்பதா, விட்டுவிடுவதா, பேச ஏதாவது வழி இருக்கிறதா என்பது உங்கள் கேள்வி.

தடுக்காதீர்கள். பேச வழி இருக்கிறது. ஆனால் அதற்கு நீங்களும் அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும். இணையத்தில் கதைச் சுருக்கம் பார்த்துவிட்டுப் போனால் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் என் அக்கா மகள். அவளுக்கு 13 வயதானபோது நான்தான் லோயிஸ் லௌரியின் 'தி கிவர்' நாவலை வாங்கிக் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டாள் என்று தெரிந்ததும் போன் செய்து, "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று கேட்டேன். "தைரியமா இருக்கணும் மாமா" என்றாள். பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்விக்கு எழுதுகிற பதில் அது. அதோடு பேச்சு நின்றுவிட்டது. கேட்ட விதம் தப்பு என்று எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது. அப்புறம் நானும் ஒரு பிரதி வாங்கிப் படித்துவிட்டு, "கடைசியில் அந்தப் பையன் செத்துப்போனது எனக்குத் தாங்கவே இல்லை" என்று மட்டும் செய்தி அனுப்பினேன். அடுத்த நிமிடமே போன் வந்தது. "மாமா, அவன் சாகவே இல்ல. நீங்க சரியாப் படிக்கல!"

இனி நாவலின் முடிவைச் சொல்லப் போகிறேன். படிக்க விரும்புகிறவர்கள் இரண்டு மூன்று பத்தி தாண்டிப் போய்விடுங்கள்.

1993-இல் வந்த நாவல் இது. சண்டை, பசி, வலி எதுவும் இல்லாத ஊர். நிறமும் இல்லை, இசையும் இல்லை. யார் என்ன வேலை செய்ய வேண்டும் என்பதை 12 வயதில் பெரியவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். ஊரின் பழைய நினைவுகளையெல்லாம் ஒரே ஒரு முதியவர் சுமந்துகொண்டிருக்கிறார். அவற்றை வாங்கிக்கொள்ளும் வேலை ஜோனஸ் என்ற பையனுக்கு வருகிறது. அவனுக்குக் கிடைக்கும் முதல் நினைவு, பனிமலையில் சறுக்கு வண்டியில் இறங்குவது. போகப் போக, ஊரில் 'விடுவிப்பு' என்று மென்மையாகச் சொல்வது ஊசி போட்டுக் கொல்வதைத்தான் என்று தெரிகிறது. அதை அவனுடைய அப்பாவே, இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததற்குச் செய்வதைப் பார்க்கிறான். வீட்டில் வளர்ந்த ஒரு கைக்குழந்தைக்கும் அதே முடிவு என்று தெரிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டுத் தப்புகிறான். கடைசிப் பக்கத்தில் பசி, குளிர், பனி. மலை உச்சியில் ஒரு சறுக்கு வண்டி நிற்கிறது. ஏறி இறங்குகிறான். கீழே வெளிச்சம் தெரிகிறது, பாட்டு கேட்கிறது. அது வெறும் எதிரொலியாகவும் இருக்கலாம் என்று நாவல் முடிகிறது.

என் கட்சி இதுதான்: முதல் நினைவில் வந்த அதே வண்டி அங்கே காத்திருக்க முடியாது. குளிரில் உயிர் போகும்போது அவன் காணும் கனவு அது. அவள் புத்தகத்தை எடுத்து வந்து பக்கத்தைத் தேடினாள். தாள் புரளும் சத்தம் போனில் கேட்டது. "தாத்தா அவனுக்கு இசையைக் குடுக்கறேன்னு சொல்றப்ப, வேணாம், நான் போனப்புறம் அது உங்களுக்கு இருக்கட்டும்னு சொல்றான் மாமா. அதுவரைக்கும் அவன் பாட்டே கேட்டதில்ல. கேக்காத ஒண்ணு கனவுல எப்படி வரும்?"

என்னிடம் பதில் இல்லை. அந்த இடத்தை நானும் படித்தேன்தான், அந்தத் தாத்தா மீது பையனுக்கு இருந்த அன்பு என்று மட்டும் எடுத்துக்கொண்டு கடந்துபோயிருந்தேன். முடிவுக்கான சாட்சியம் அங்கே இருப்பதை 13 வயதுப் பெண் பார்த்திருக்கிறாள். லௌரி இதே உலகத்தில் இன்னும் மூன்று நாவல்கள் எழுதினார், கடைசி 2012-இல் வந்தது. ஜோனஸ் என்ன ஆனான் என்று அவற்றில் தெரிந்துவிடும். எங்கள் வாதம் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று அவற்றைத் தொடுவதை இரண்டு பேரும் பேசி வைத்து ஒரு மாதம் தள்ளிப்போட்டோம்.

நம்முடைய வேதாளம் இதைத்தானே செய்தது? ஒவ்வொரு கதை முடிந்ததும் விக்கிரமாதித்தனிடம் ஒரு கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாமல் இருக்க அவனுக்கு வழியில்லை. கதையைக் கேட்டவன் தன் தீர்ப்பைச் சொன்ன பிறகுதான் அந்தக் கதை முடிகிறது. இளையோர் நாவல்களும் நல்லவையாக இருந்தால் அப்படித்தான். அதனால்தான் இந்த வயதுப் பிள்ளைகள் அவற்றைப் படித்துவிட்டுப் பேச ஆள் தேடுகிறார்கள். வீட்டில் கிடைக்காவிட்டால் வெளியே தேடுவார்கள்.

அடுத்து நாங்கள் படித்தது அர்சுலா கே. லெ குவின் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ'. 1968-இல் வந்தது. நூற்றுக்கணக்கான தீவுகள் கொண்ட ஓர் உலகம். எல்லாவற்றுக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு, அது தெரிந்தால்தான் மந்திரம் பலிக்கும். மனிதர்களும் தங்கள் உண்மைப் பெயரை மறைத்தே வைத்திருப்பார்கள். கெட் என்ற மாணவன் கர்வத்தில் செய்யும் ஒரு மந்திரத்தால் ஒரு நிழல் வெளியே வந்து அவனைத் துரத்துகிறது.

என் அக்கா மகள் நன்றாக வரைவாள். பாதிப் புத்தகத்தில் கெட்டை வரைந்து அனுப்பினாள். படகு, துடுப்பு, கோல் எல்லாம் அழகாக இருந்தன. ஆனால் முகத்தை வெள்ளை வெளேரென்று விட்டிருந்தாள். "அவன் நிறம் என்னன்னு புத்தகத்தில் தேடு" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் வந்த படத்தில் பென்சிலால் முகத்தைச் செம்பழுப்பாக்கியிருந்தாள். கீழே எழுதியிருந்தாள்: 'அவன் ஃப்ரெண்ட் இன்னும் கறுப்பு. முதல் அத்தியாயத்துல கொள்ளையடிக்க வர்றவங்கதான் வெள்ளை. எனக்கு ஏன் தோணவே இல்ல?'

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. நம் வீடுகளில், நம் சினிமாவில், க்ரீம் விளம்பரங்களில் நாயகனும் நாயகியும் என்ன நிறம் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லி வைத்திருக்கிறோம். புத்தகம் வேறு மாதிரி சொன்னபோதும் அவள் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. லெ குவின் இதைத் தெரிந்தேதான் செய்தார். வாசகர் முதலில் கெட்டோடு ஒன்றிப்போகட்டும், நிறம் பிறகு தெரியட்டும் என்று நினைத்தார். அப்படியும் பல பதிப்புகளின் அட்டையில் அவனை வெளுப்பாகவே வரைந்தார்கள். 2004-இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் வெள்ளை நடிகரைப் போட்டபோது அவர் வெளிப்படையாகவே கண்டித்து எழுதினார். இதை அவளுக்குச் சொன்னேன். அன்று நாங்கள் பேசியதில் பாதி கெட்டைப் பற்றி, மீதி அவள் வகுப்பில் யாரை யார் என்ன சொல்லிக் கிண்டல் செய்கிறார்கள் என்பதைப் பற்றி. நேராகக் கேட்டிருந்தால் இதை அவள் என்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

வயதைப் பற்றியும் யோசிப்பீர்கள். சரியான யோசனைதான். சுசான் காலின்ஸின் 'ஹங்கர் கேம்ஸ்' வரிசையில் 12 முதல் 18 வயது வரையான 24 பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கொல்ல வேண்டும், அதைத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். எனக்குத் தயக்கம் இருந்தது. முதலில் நான் படித்தேன், அப்புறம் அவளுக்கு 14 வயதானதும் கொடுத்தேன். ஒருநாள் இரவு சேனல் மாற்றிக்கொண்டிருந்தபோது, ஒன்றில் ரியாலிட்டி ஷோவும் இன்னொன்றில் போர்க் காட்சியும் கலந்து தெரிந்ததில்தான் இந்தக் கதை பிறந்தது என்று காலின்ஸ் சொல்லியிருக்கிறார். இதைச் சொன்னதும் அவள், "நம்ம பாட்டுப் போட்டியில சின்னப் புள்ள அழுதா கேமரா கிட்ட போகுதே, அது மாதிரியா?" என்று கேட்டாள். ரத்தம் வருகிற பக்கங்களைப் பற்றி நான் தயார் செய்து வைத்திருந்த எதுவும் தேவைப்படவில்லை.

உங்கள் மகள் ஒரு புத்தகம் பிடிக்கவில்லை என்று சொன்னால் அதற்கும் இடம் கொடுங்கள். என் அக்கா மகள் ஒரு டிராகன் வரிசையை மூன்றாம் பாகத்தோடு நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "அவ எப்பவும் கடைசி நேரத்துல தப்பிச்சிடுறா. எனக்குப் பயமே வரல" என்றாள். பெரிய விமர்சகர்கள் நான்கு பக்கம் எழுதும் விஷயம் அது. காசு கொடுத்து வாங்கியதை முடித்துவிடு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

உங்களுக்கு ஆங்கிலம் சரளமாக வராது என்றால் மெதுவாகப் படியுங்கள். 'தி கிவர்' சிறிய நாவல், எளிய ஆங்கிலம். மகள் முன்னால் அகராதி பார்ப்பதில் ஒன்றும் தவறில்லை. அவளிடமே அர்த்தம் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லுவாள். நடுவில் தமிழுக்கும் அழைத்து வாருங்கள். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை நான் கொடுத்தேன். 1980-களில் விகடனில் தொடராக வந்தபோது என் அக்கா வாரா வாரம் காத்திருந்து படித்தது. இப்போது அம்மாவும் மகளும் ஜீனோ என்ற அந்த இயந்திர நாய்க்கு உண்மையில் உணர்ச்சி இருக்கிறதா, இருப்பது போல் பேசுகிறதா என்று சமையலறையில் வாதாடுகிறார்கள். நான் போனில் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உங்கள் மகள் இப்போது எந்தப் புத்தகத்தில் இருக்கிறாளோ அதிலிருந்தே தொடங்குங்கள். அவள் பிரதியைக் கேட்காதீர்கள், உங்களுக்கென்று ஒன்று வாங்குங்கள். சென்னையில் இருந்தால் கோட்டூர்புரம் நூலகத்திலும், மதுரையில் என்றால் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். அவள் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்து படியுங்கள். எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று அவளே வந்து கேட்பாள்.