எல்கின் குடும்பம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் சிற்பங்களை பிரிட்டனுக்குக் கொண்டுபோன எல்கினும், இந்தியாவில் வைஸ்ராயாக இருந்த எல்கினும் ஒரே ஆளா?

இல்லை. எல்கின் என்பது பட்டம். குடும்பப் பெயர் புரூஸ். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியிலுள்ள ப்ரூம்ஹால் மாளிகை அவர்களுடைய பூர்வீக வீடு. சிற்பங்களை எடுத்தவர் 7-ஆம் பிரபு தாமஸ். அவருடைய மகன் ஜேம்ஸும் பேரன் விக்டரும் வைஸ்ராய்கள்.

சிற்பங்களை விற்று நல்ல காசு பார்த்திருப்பார்களே?

கடன்தான் மிச்சம். 1816-இல் பிரிட்டிஷ் அரசு கொடுத்தது 35,000 பவுண்டு. தாமஸ் தன் செலவு என்று காட்டிய கணக்கில் அது பாதிகூட இல்லை. அந்தக் கடன் மகன் தலையில் விழுந்தது. ஜேம்ஸ் சம்பளத்துக்காகக் கடல்கடந்த பதவிகளைத் தேடிப்போனதற்கு அதுவும் முக்கியக் காரணம். இந்தக் குடும்பத்தின் பொதுவாழ்வைப் பேசும்போது இதை விட்டுவிடக் கூடாது என்பேன்.

ஜேம்ஸ் நல்லவரா, கெட்டவரா?

கனடாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த அவரை அங்கே மதிப்பதற்குக் காரணம் உண்டு. 1849-இல், கலகத்தில் சொத்து இழந்தவர்களுக்கு இழப்பீடு தரும் மசோதாவை அங்கே சட்டமன்றம் நிறைவேற்றியது. அவருக்கே அதில் தயக்கம் இருந்தது. ஆனாலும் மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரவையின் முடிவு என்று கையெழுத்திட்டார். கலகக்காரர்களுக்கும் பணம் போகுமே என்று எதிர்த்தவர்கள் கொதித்தார்கள். மான்ட்ரியல் தெருவில் அவருடைய வண்டிமேல் முட்டை வந்து விழுந்தது. அன்றிரவே நாடாளுமன்றக் கட்டடத்தைக் கொளுத்தினார்கள். அவர் படையை ஏவிப் பழிவாங்கவில்லை.

சரி, அதே மனிதர்தான் சீனாவுடனான இரண்டாம் அபினிப் போரில், 1860 அக்டோபரில் பீஜிங்கின் கோடைக்கால அரண்மனையை எரிக்க உத்தரவிட்டவர். பேச்சுவார்த்தைக்குப் போய்ச் சீனர்களிடம் பிடிபட்ட தங்கள் தரப்பினரில் பலர் சித்திரவதையில் இறந்ததற்குத் தண்டனை என்றார். அதற்காக ஒரு நாகரிகத்தின் கலைச் செல்வத்தைச் சாம்பலாக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. கனடாவில் காட்டிய பொறுமை அங்கே எங்கே போனது?

பேரன் என்ன செய்தார்?

விக்டர் 1894 முதல் 1899 வரை வைஸ்ராய். பஞ்சமும் பம்பாய் பிளேக்கும் அவர் காலத்தில்தான் வந்தன. அப்புறம் 1905-இல் லண்டனில் காலனிகள் துறை அமைச்சரானார்; அவருக்குக் கீழே துணை அமைச்சராக இருந்தவர் இளம் சர்ச்சில்.

ஜேம்ஸின் கல்லறை இந்தியாவிலா இருக்கிறது?

ஆம், தர்மசாலாவில். 1862-இல் வைஸ்ராயாக வந்தவர், அடுத்த ஆண்டு இமயமலைப் பயணத்தில் கயிற்றுப் பாலம் ஒன்றைக் கடந்த களைப்பில் இதயம் தளர்ந்து, நவம்பர் 20 அன்று இறந்தார். மெக்லியோட்கஞ்ச் போகிறவர்கள், தேவதாரு மரங்களுக்கு நடுவே உள்ள செயின்ட் ஜான் தேவாலயத்தில் அந்தக் கல்லறையைப் பார்க்கலாம்.