அக்காவும் அழ ஆரம்பித்துவிட்டாள்

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை பக்கம். வீட்டில் தமிழ்தான் பேசுவோம். மகளுக்கு நாலரை வயது, எல்கேஜி. மகனுக்கு மூன்றேகால், பிரீகேஜி. இருவரையும் இந்த ஜூனில்தான் ஒரே பள்ளியில் சேர்த்தோம். முதல் வாரம் பெரியவள் சிரித்துக்கொண்டே போனாள், சின்னவன் மட்டும் அழுதான். இப்போது மூன்றாவது வாரம். இருவரும் கேட்டிலேயே ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். டீச்சருக்கு மலையாளம்தான் தெரியும். தம்பி அழும்போதெல்லாம் அக்காவைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைக்கிறார்களாம். ஒரே வகுப்பில் போட்டுவிடலாமா என்றும் கேட்கிறார்கள். மாமனாரோ, "சின்னவனை இந்த வருஷம் நிறுத்திடும்மா" என்கிறார். என்ன செய்வது?

பதில்: நாளைக் காலையிலேயே டீச்சரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள், சகோதரி. தம்பி அழுதால் அக்காவைக் கூப்பிட வேண்டாம். நீங்கள் எழுதியதில் மற்ற எதையும்விட அவசரமானது இதுதான்.

நாலரை வயதுக் குழந்தைக்கு முதல் மாதம் சொந்த வேலையே நிறைய இருக்கிறது. யார் பக்கத்தில் உட்காருவது, யாரோடு விளையாடுவது, டீச்சர் எதற்குச் சிரிப்பார், எதற்குக் கோபிப்பார் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க வேண்டும். அதன் நடுவில் ஆயா வந்து "அனியன் கரையுன்னு, வா" (தம்பி அழுகிறான், வா) என்று அழைத்துப் போனால் எல்லாம் பாதியில் நிற்கிறது. திரும்பி வரும்போது விளையாட்டில் அவள் இடத்தில் வேறொரு பிள்ளை இருக்கும். இரண்டு மூன்று நாள் இப்படி நடந்தாலே, தன் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு தம்பியின் வகுப்புச் சத்தத்துக்குக் காது கொடுக்க ஆரம்பித்துவிடுவாள். தம்பிக்கும் இது நல்லதில்லை. அழுதால் அக்கா வருவாள் என்று தெரிந்துவிட்டால், டீச்சர் மடிக்குப் போக அவனுக்கு அவசியமே வராது. சின்னக் குழந்தை பள்ளியில் ஒட்டிக்கொள்வது அங்கே இருக்கும் ஒரு பெரியவரை நம்ப ஆரம்பித்த பிறகுதான்.

பெரியவள் இப்போது அழுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஜூனில் பள்ளி திறக்கும் நாளில், புதுப் பிள்ளைகளை வரவேற்கும் பிரவேசனோற்சவ விழாவில் பலூன், மிட்டாய், தோரணம் என்று எல்லாமே புதுசு. இது தினமும் உண்டு, லீவு கிடையாது என்று உறைப்பது இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான். முதலில் சிரித்த பிள்ளை தாமதமாக அழுவது சாதாரணமாக நடப்பதே.

அதனால் ஒரே வகுப்பு வேண்டாம். பதிலாக, சாப்பாட்டு நேரத்தில் ஒரே ஒரு தடவை, பத்து நிமிடம் இருவரும் பார்த்துக்கொள்ள ஏற்பாடு கேளுங்கள். நேரம் தினமும் மாறாமல் இருக்க வேண்டும். "சோறு சாப்பிடும்போது அக்காவைப் பார்ப்பே" என்று சொன்னால் சின்னவன் புரிந்துகொள்வான். அழுதாலும் அழாவிட்டாலும் அந்தச் சந்திப்பு உண்டு என்பது முக்கியம்.

இனி, காலையில் கேட்டில் விடுவது. முடிந்தால் ஒருவரை அப்பாவும் மற்றவரை நீங்களும், ஐந்து நிமிட இடைவெளியில் கொண்டுபோய் விடுங்கள். ஒரே ஆள்தான் என்றால் பெரியவளை முதலில் அவள் வகுப்பில் விட்டுவிட்டு, பிறகு சின்னவனோடு போங்கள். தம்பியை முதலில் விட்டால், அவன் கதறுவதைக் கேட்டுக்கொண்டே அவள் தன் வகுப்புக்கு நடக்க வேண்டியிருக்கும். ஒரு குழந்தையின் அழுகை பக்கத்துக் குழந்தையைத் தொற்றும். அது இந்த வயதின் இயல்பு, பிடிவாதம் இல்லை.

விடைபெறுவது ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும். ஒரு முத்தம், ஒரு வாக்கியம், பிறகு டீச்சர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடங்கள். டீச்சர் கை நீட்டி வாங்க வேண்டும். குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு வந்தால் பின்னாலேயே ஓடிவரும். குழந்தை வேறெங்கோ பார்க்கும்போது சொல்லாமல் நழுவிவருவது மட்டும் கூடவே கூடாது. அன்றைக்கு அழுகை இல்லாமல் போகலாம், ஆனால் மறுநாளிலிருந்து நீங்கள் வீட்டில் பாத்ரூமுக்குப் போனால்கூடப் பின்னாலேயே வருவான். ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதும் வேண்டாம். உங்கள் தலை தெரிந்தால் அடங்கிய அழுகை மறுபடி தொடங்கும். பெரும்பாலான பிள்ளைகள் ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் அடங்கிவிடுவார்கள். அரை மணி கழித்துப் பள்ளிக்கு போன் போட்டுக் கேளுங்கள்.

மூன்று மணிக்கு வருவேன் என்றால் சின்னவனுக்குப் புரியாது. "சாப்பிட்டு, தூங்கி எந்திரிச்சதும் அம்மா வருவேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி வந்து நில்லுங்கள், அடுத்த இரண்டு வாரம் ஐந்து நிமிடம் முன்னதாகவே. மாலையில் வரிசையை மாற்றுங்கள். சின்னவனை முதலில் கூப்பிட்டு, அவனையும் கூட்டிக்கொண்டு அக்கா வகுப்பு வாசலுக்குப் போங்கள். தம்பியைக் கூட்டிவரும் வேலையை அவளிடம் கொடுக்காதீர்கள். வேனில் போனாலும் அப்படியே, அவன் பை அவன் மடியில் இருக்கட்டும், அவனை இறக்கிவிடுவது வேன் ஆயாவின் பொறுப்பு.

வீட்டுக்கு வந்ததும் பெரியவளிடம் "தம்பி இன்னைக்கு அழுதானா?" என்று கேட்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே, நாள் முழுக்கத் தம்பியைப் பார்த்துக்கொண்டிருப்பது தன் வேலை என்று அவள் எடுத்துக்கொள்வாள். டீச்சரிடம் கேளுங்கள். அவளிடம் அவளைப் பற்றிக் கேளுங்கள், அதுவும் ஏதாவது சாப்பிட்டு, அரை மணி சும்மா இருந்த பிறகு. பள்ளி முழுக்க அடக்கிவைத்ததெல்லாம் வீட்டு வாசலில் வெடிக்கும். பிஸ்கட் உடைந்ததற்கு உருண்டு புரண்டு அழுவார்கள். அந்த நேரத்தில் புத்தி சொல்லிப் பயனில்லை. இரவுக்குள் ஒவ்வொருவரோடும் தனித்தனியாகப் பத்து நிமிடம் இருங்கள், மற்றவரை அந்த நேரம் பாட்டியோ அப்பாவோ பார்த்துக்கொள்ளட்டும்.

மொழி விஷயம் பாதி அழுகைக்குக் காரணமாக இருக்கலாம். தாகமாக இருக்கிற பிள்ளைக்கு டீச்சர் "வெள்ளம் வேணோ?" (தண்ணீர் வேண்டுமா?) என்று கேட்பது புரியாது. மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது. அதனால் "வலிக்குது" என்று அவன் சொன்னால் டீச்சர், எதையோ இழுக்கச் சொல்கிறான் என்று நினைப்பார். ஒரு அட்டையில் அவன் வாயில் வருகிற சொற்களை, அவன் சொல்கிறபடியே, மலையாள எழுத்தில் எழுதி எதிரே பொருளையும் எழுதிக் கொடுங்கள்: ஒண்ணுக்கு, ரெண்டுக்கு, தண்ணி, பசிக்குது, வலிக்குது, அம்மாகிட்ட போணும். எட்டுப் பத்துச் சொல் போதும். அவனுக்கு நீங்கள் வீட்டில் சொல்லித்தர வேண்டியவை: வெள்ளம் (தண்ணீர்), பாத்ரூமில் போணம் (பாத்ரூம் போகணும்), வயறு வேதன (வயிற்று வலி), இவிடெ இரிக்கு (இங்கே உட்கார்), கை கழுகு (கை கழுவு). "கரையண்டா மோனே" (அழாதே மகனே) என்று டீச்சர் தட்டிக்கொடுக்கும்போது அது ஆறுதல் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். புது மொழிக்குள் போகும் பிள்ளை சில வாரம், சில மாதம்கூடப் பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். கை காட்டுகிறான், விளையாட்டில் சேர்கிறான் என்றால் கவலை வேண்டாம். பள்ளிக்காக வீட்டுத் தமிழை நிறுத்திவிடவும் வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையை எடுத்து இருவரையும் தரையில் உட்காரவைத்துச் சோதித்துப் பாருங்கள். தண்ணீர் பாட்டில் மூடி, டிபன் பாக்ஸ் கிளிப், நிக்கர் எலாஸ்டிக், செருப்பு ஸ்டிராப் இந்த நான்கையும் உங்கள் உதவியில்லாமல் திறந்து மூட வேண்டும். புது ஸ்டீல் டப்பாவின் மூடி மூன்று வயதுக் கைக்கு வராது. பசியோடு மூடியைத் திருகிக்கொண்டே நேரம் போய்விடும். வீட்டில் சாப்பிடுவதில் பாதி அளவு வையுங்கள். இரண்டு இட்லியைத் துண்டாக்கி, அல்லது தயிர்சாதத்தை ஆறு ஏழு உருண்டையாக. சோற்றுப் பருக்கையை அள்ளித் தின்பதைவிட உருண்டை சீக்கிரம் முடியும். ஜூன் மழையில் ஷூ வேண்டாம், ரப்பர் செருப்பு போதும். மாற்று உடுப்பு இரண்டு செட், நனைந்ததைப் போட ஒரு பிளாஸ்டிக் கவர், எல்லாவற்றிலும் பெயர்.

கக்கூஸ் பயம் பலர் கவனிக்காமல் விடுவது. புது இடத்தில் பிள்ளைகள் அடக்கிவைப்பார்கள். மலம் இறுகும், அப்புறம் வலிக்குப் பயந்து இன்னும் அடக்குவார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு குடல் தானாக அசையும் நேரம் அது, ஐந்து பத்து நிமிடம் உட்கார வையுங்கள். அதற்கு வழிவிட்டு எழுப்பும் நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். சின்னவனுக்குத் தானே கழுவத் தெரியாவிட்டால் ஆயாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இரவில் படுக்கை நனைந்தாலும் ஒன்றும் சொல்லாதீர்கள், பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகும். இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் தேவை.

மாமனார் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. மூன்றேகால் வயதில் ஒரு வருடம் தள்ளிப்போட்டால் படிப்பில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் அழுகை உச்சத்தில் இருக்கும்போது நிறுத்தினால் அடுத்த வருடம் இதே இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மாமாவிடம் ஆறு வாரம் அவகாசம் கேளுங்கள். அதுவரை நேரத்தைக் குறைத்துப் பாருங்கள். மூன்று நாள் ஒரு மணி நேரம், பிறகு ஸ்நாக்ஸ் வரை, பிறகு சாப்பாடு வரை, கடைசியில் முழு நாள். அழாமல் இருக்கும்போதே அழைத்து வாருங்கள். அழுததற்காக முன்னதாகக் கூட்டிவந்தால் மறுநாள் அதிகம் அழுவான்.

ஆறு வாரம் ஆகியும் துளிகூடக் குறையவில்லை, பள்ளியில் சாப்பிடுவதே இல்லை, எடை இறங்குகிறது என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். குறிப்பிட்ட ஒரு ஆளை மட்டும் கண்டு பயந்தாலோ, காரணம் தெரியாத காயம் இருந்தாலோ ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே விசாரியுங்கள், 1098 குழந்தைகள் உதவி எண் கையில் இருக்கட்டும்.

திங்கட்கிழமைகளில் அழுகை கூடும். சனி ஞாயிறு பொள்ளாச்சிக்கோ உடுமலைக்கோ உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் திரும்பிவிடுங்கள், எட்டரைக்குத் தூங்கட்டும். ஓணம் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது எல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்ததுபோல் தெரியும். விடுமுறையின் கடைசி இரண்டு நாள் பள்ளி நேரத்துக்கே எழுப்பிச் சாப்பிடவைத்து, முந்தின நாள் பள்ளி கேட்டு வரை ஒரு நடை கூட்டிப் போய்வாருங்கள்.