கிணற்று நீர் தெளிந்துவிட்டது, வெங்காயத்துக்குப் பாய்ச்சலாமா?

கேள்வி: நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, எங்களுக்கு 4 ஏக்கர் தோட்டம் இருக்கிறது. சாயக்கழிவு வந்த காலத்தில் கைவிட்ட கிணற்றில் இப்போது தண்ணீர் நிறமே இல்லாமல் தெளிவாக ஊறுகிறது. இதைச் சின்ன வெங்காயத்துக்குப் பாய்ச்சலாமா? மாடுகளுக்குக் காட்டலாமா? கொதிக்க வைத்தால் வீட்டுக்கு ஆகுமா?

பதில்: நீரைச் சோதிக்கும் முன் இம்மூன்றில் எதற்கும் "ஆம்" என்று சொல்ல மாட்டேன். உங்கள் நிலத்தைக் கெடுத்தது சாயத்தின் நிறத்தைவிட அதனோடு வந்த உப்புதான். அந்த உப்பு கண்ணுக்குத் தெரியாது.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க வேண்டுமானால், சாயத்தொட்டியின் ஒரு லிட்டர் நீருக்கு 40 முதல் 80 கிராம் வரை சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ சேர்க்க வேண்டியிருக்கும். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும். உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறிவிடும். சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டுச் சுத்திகரித்த பழைய முறையில் நிறம் பெருமளவு நீங்கியது, உப்பு அப்படியே ஆற்றுக்கு வந்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1990-களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, அந்த உப்பு நீரைத் தேக்கி வைக்கும் தொட்டியாக மாறி, சுற்றியுள்ள கிணறுகளுக்குள் அதைக் கசியவிட்டது. 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு மாறினால்தான் இயங்கலாம் என்ற நிலையை உண்டாக்கியது. ஆனால், நீதிமன்ற ஆணையால் ஆற்றில் வருவதை நிறுத்த முடியுமே ஒழிய, பாறை இடுக்குகளில் தங்கிய உப்பை வெளியேற்ற முடியாது. அதைப் பல ஆண்டு மழைதான் மெல்ல மெல்லக் கரைத்துக்கொண்டு போக வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக் கிணறு தேறிவிட்டதே என்று உங்கள் கிணற்றை நம்பாதீர்கள். பாறையின் வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதைப் பொறுத்து, அருகருகே உள்ள இரண்டு கிணறுகளின் நீர்கூட வேறுபடும்.

மோட்டாரைப் பத்து நிமிடமாவது ஓடவிட்டு, அதே நீரில் மூன்று முறை அலசிய சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் மாதிரியை நிரப்புங்கள். உர மூட்டையோடும் மருந்து டப்பாவோடும் அதை வைக்காதீர்கள். பாசனத்துக்கான சோதனையை வேளாண்மைத் துறையின் மண் ஆய்வகத்திலும், குடிநீர்ச் சோதனையைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலும் செய்துகொள்ளலாம். கோடையின் உச்சத்தில் ஒன்று, வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் ஒன்று என ஆண்டுக்கு இரண்டு மாதிரிகள் வேண்டும். மழைக்குப்பின் நன்றாகத் தெரிகிற நீர் மே மாதத்தில் வேறாக இருக்கும்.

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது மின்கடத்துதிறன். நீரில் உப்பு கூடக்கூட இந்த எண்ணும் கூடும். அது மீட்டருக்கு ஒரு டெசிசைமன்ஸ் (dS/m) என்றால் லிட்டருக்குச் சுமார் 640 மில்லிகிராம் உப்பு என்று கணக்கிடலாம். வெங்காயம் உப்பைத் தாங்காத பயிர். பாசன நீரின் மின்கடத்துதிறன் 0.8-ஐத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும், தாளின் நுனி கருகி மடியும். நெல்லுக்கு அந்த எல்லை 2, சோளத்துக்கு 4.5, பருத்திக்கு 5-ஐ ஒட்டியது. தென்னையும் நன்றாகத் தாங்கும். ஆகவே 2-க்கு மேல் வந்தால் வெங்காயத்தை மறந்துவிட்டு, தென்னையையும் தீவனச் சோளத்தையும் யோசியுங்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது சோடியம் ஈர்ப்பு விகிதம் (SAR), அதாவது நீரில் கால்சியம், மெக்னீசியத்தோடு ஒப்பிட்டால் சோடியம் எவ்வளவு என்பது. இது 10-க்குள் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. கூடினால் மண்ணின் கட்டமைப்பு குலையும். பாய்ச்சிய நீர் உள்ளே இறங்காமல் பாத்தியிலேயே நிற்கும், காய்ந்தால் மண்வெட்டிக்கும் மசியாத கட்டியாகும். இந்த நிலத்துக்குத்தான் ஜிப்சம். வரப்போரம் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்த உடனே ஜிப்சம் வாங்கிக் கொட்டுவது வீண்செலவு. வெறும் உப்பு மண்ணுக்கு வடிகாலும், உப்பை அடியில் இறக்கும் நல்ல நீரும்தான் மருந்து. பண்ணைக்குட்டை வெட்டி மழைநீரைத் தேக்கி, கிணற்று நீரோடு கலந்து பாய்ச்சுவது நல்ல வழி. தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவதும் மண்ணைத் தேற்றும். சொட்டுநீர் போட்டிருந்தால், முதல் தூறல் விழும்போது அதை நிறுத்திவிடாதீர்கள். ஈரத்தின் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும் உப்பைச் சிறுமழை வேருக்குத் தள்ளிவிடும்.

மாடுகளைப் பொறுத்தவரை, லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் வரை உப்பிருந்தால் பெரிய தொல்லை இல்லை. அதற்கு மேல் கழிச்சல் வரலாம். 5,000-ஐத் தாண்டினால் சினைமாட்டுக்கும் கறவைக்கும் காட்டவே கூடாது.

வீட்டு உபயோகத்துக்குக் கொதிக்க வைப்பதால் கிருமி சாகும், உப்பு போகாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான் என்பதால் மிஞ்சிய நீரில் உப்பு இன்னும் கூடும். இந்தியத் தர அளவின்படி குடிநீரில் கரைந்த உப்புகள் 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் கிடைக்காத இடத்தில் மட்டும் 2,000 வரை அனுமதி. எனக்கு இதைவிடப் பெரிய கவலை நைட்ரேட்டைப் பற்றியது. கோவை, திருப்பூர் நகரங்களின் சாக்கடை நீரும் நொய்யலில் கலக்கிறது. அதிலிருந்தும் தோட்டத்து உரத்திலிருந்தும் நைட்ரேட் கிணற்றில் இறங்கும். அதற்கு 45 மில்லிகிராம்தான் எல்லை, தளர்வே கிடையாது. அதைத் தாண்டிய நீரில் கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கரைத்தால், குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாயக்கூடும். அறிக்கை வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் குடிநீரை மட்டும் பயன்படுத்துங்கள்.

மழைநாளில் ஆற்றில் நிறமோ நாற்றமோ தெரிந்தால், அன்றைக்கே மாதிரியும் தேதியோடு படமும் எடுத்து, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நுரை மட்டும் என்றால் அது சாக்கடையில் வரும் சோப்புத்தூளாகவும் இருக்கலாம். எனவே மனுவில் சாயப்பட்டறை என்று முன்கூட்டியே எழுதிவிடாமல் கண்டதை மட்டும் எழுதுங்கள். இழப்பீடு கோரித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதானால், பாதிப்பு முதலில் ஏற்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ஆண்டுக்கு இரண்டாகச் சேர்த்து வைத்த சோதனை அறிக்கைகள் அங்கே உங்களுக்குச் சாட்சியாகும்.