பயனரின் கடவுச்சொல் தரவுத்தளம் வரை போக வேண்டுமா?

கேள்வி: நான் எழுதிவரும் இணையச் செயலியில், பயனர் உள்ளிடும் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அவரவர் பெயரில் இணைப்பைத் திறக்கலாம் என்று எண்ணுகிறேன். எந்தப் பதிவை யார் மாற்றினார் என்பது அப்போது தெளிவாகத் தெரியுமல்லவா?

பதில்: நோக்கம் நல்லதுதான், வழிதான் சரியில்லை. மாற்றியவர் யார் என்பதுதான் தரவுத்தளத்துக்குத் தெரிய வேண்டுமே தவிர, அவருடைய கடவுச்சொல் அல்ல. நீங்கள் சொல்லும் முறையில், உள்நுழைந்த பிறகும் புதிய இணைப்பு திறக்கும்போதெல்லாம் கடவுச்சொல் தேவைப்படுமாதலால், சர்வர் அதைத் திரும்பப் படிக்கக்கூடிய வடிவில் எங்காவது வைத்திருந்தாக வேண்டும். கடவுச்சொல்லை ஹேஷ் செய்து (அதாவது, திரும்பப் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றி) மட்டுமே சேமிக்கும் வழக்கம் எதற்காக வந்ததோ, அதையே இது வீணாக்கிவிடும். இணைப்புகளும் பெருகும்: போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனி ப்ராசஸ் இயங்கும், மாற்றாமல் விட்டால் உச்சவரம்பு 100தான்.

எனவே, குறைந்த உரிமைகள் மட்டுமே கொண்ட ஒரு கணக்கைச் செயலிக்கென உருவாக்கி, அதன் பெயரில் திறந்த சில இணைப்புகளையே எல்லாப் பயனர்களுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். உள்நுழைவைச் சரிபார்த்ததோடு கடவுச்சொல்லின் வேலை முடிந்துவிடும். அதன்பின், ஒன்றாகச் செய்து முடிக்கப்படும் கட்டளைத் தொகுப்பான ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனின் தொடக்கத்திலும் 'செட்_கான்ஃபிக்' ஃபங்ஷன் வழியாகப் பயனரின் எண்ணை இட்டால், மாற்றம் நடக்கும்போது தானாக இயங்கி அதைப் பதிவுசெய்யும் டிரிகர் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளும். அந்த ஃபங்ஷனின் மூன்றாவது மதிப்பு கட்டாயம் 'ட்ரூ' என்றிருக்க வேண்டும். 'ஃபால்ஸ்' என்று கொடுத்தால், டிரான்சாக்‌ஷன் முடிந்த பிறகும் அந்த எண் இணைப்பிலேயே தங்கிவிடும். அடுத்து அதே இணைப்பைப் பெறுபவருக்கு எண்ணை இட நிரல் ஓரிடத்தில் தவறினாலும், அவர் செய்த மாற்றம் முந்தையவர் கணக்கில் ஏறும். ஒருவர் மட்டும் சோதிக்கும்போது இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது.

செயலியின் கணக்கே களவுபோனால், திருடியவர் எவருடைய எண்ணையும் இட முடியும் என்பது இம்முறையின் உண்மையான குறை. அதனால்தான் அந்தக் கணக்கின் உரிமைகளைச் சுருக்கச் சொல்கிறேன்.

அவரவர் வரிகள் மட்டுமே அவரவருக்குத் தெரிய வேண்டுமென்றால், போஸ்ட்கிரெஸ் 9.5 பதிப்பு முதல் உள்ள வரிநிலைப் பாதுகாப்பு விதிகளில் இதே எண்ணைப் பயன்படுத்தலாம். ஆனால் அட்டவணையின் உரிமையாளரை அவ்விதிகள் இயல்பாகக் கட்டுப்படுத்துவதில்லை. எனவே அட்டவணைகளை உருவாக்கிய கணக்கிலேயே செயலியை இயக்காதீர்கள்.